இரண்டு கிலோமீற்றர் வாவி

மட்டக்களப்பு வாவியின் நீளம் ஏறத்தாழ 56 கிலோமீற்றர். ஆனால் கரையோரச் சட்டத்தின் கண்ணுக்கு முப்பது வருசமாக அது வாயில் ஒன்றுக்கு 2 கிலோமீற்றர்தான்.

1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரப் பாதுகாப்புச் சட்டம் கடலரிப்பை மனதில் வைத்து எழுதப்பட்டது. ஆகவே கடல் பக்கம் நின்றே அளந்தது: உயர்நீர்க் கோட்டிலிருந்து நிலத்துக்குள் 300 மீற்றர், கடலோடு சேரும் களப்பு எண்டால் வாயிலிலிருந்து உள்ளே 2 கிலோமீற்றர். பாலமீன்மடுவிலும் கல்லாற்றிலும் அந்த அளவு முடிந்த பிறகு, படுவான்கரைப் பக்கம் முழுக்க அந்தச் சட்டத்துக்கு வெளியேதான் கிடந்தது.

சுற்றாடல் சட்டம் இருந்ததே எண்டு கேட்கலாம். இருந்தது. 1993ஆம் ஆண்டு வர்த்தமானி, 4 ஹெக்டேயருக்கு மேல் ஈரநிலத்தை நிரப்பினால் சுற்றாடல் தாக்க மதிப்பீடு வேணும் எண்டது. அது கிட்டத்தட்ட பத்து ஏக்கர். வாவிக்கரையை ஆர் ஒரே மூச்சில் பத்து ஏக்கர் நிரப்புகிறார்கள்? பத்துப் பேர்ச், இருபது பேர்ச் எண்டு, லோட் லோடாகக் கிறவல் கொட்டித்தானே நிரப்புவது.

கடல் பக்கத்திலோ சட்டம் வேறு முகம் காட்டியது. சுனாமிக்குப் பிறகு, 2005இல், தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர், அதற்குள் வீடு கட்டக் கூடாது எண்டு அரசாங்கம் அறிவித்தது. நாவலடி கடலுக்கும் வாவிக்கும் நடுவில் ஒடுங்கிய மணல் திட்டு. அங்கே 200 மீற்றர் பின்னுக்குப் போ எண்டால் வாவிக்குள்தான் இறங்க வேணும். சனத்துக்குத் திராய்மடுவில் வீடு கொடுத்தார்கள். கடற்றொழில் கடலோடேயே நின்றது. அந்த வருசம் முடியுமுன்பே விதியைத் தளர்த்தத் தொடங்கினார்கள். முதலே ஊர்ச்சனத்தைக் கேட்டிருந்தால் இந்த அலைச்சல் மிச்சம்.

2011 தைமாதம் பெருவெள்ளம். அதே வருசம் 49ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் வாவி நீர் முழுவதையும், அதன் ஓரத்தில் 100 மீற்றரையும் கரையோர வலயத்துக்குள் கொண்டுவந்தது. நல்ல திருத்தம்தான், மறுக்கேல்ல. ஆனால் அந்த 100 மீற்றர் சராசரிக் கடல்மட்டத்திலிருந்து தொடங்குகிறது. மாரியில் வாவி வயலுக்குள் ஏறும், கோடையில் சேறு தெரிய வற்றும். இதில் கோடு எது எண்டு நில அளவையாளர் வராமல் ஆர் சொல்வது? நிரப்புகிறவருக்கு அந்தச் சிக்கலே இல்லை. மண் விழ விழ கரை முன்னுக்குப் போகும்.

நிரம்பிய இடத்தில் வெள்ளம் நிற்க இடமில்லை. மாரியில் முகத்துவாரத்தை எப்ப வெட்டுவது எண்டு வயல்காரருக்கும் மீன்பிடிகாரருக்கும் வழக்கமாகவே இழுபறி. அந்தப் பேச்சுக்கு இரண்டு பேரும் வருகிறார்கள். கிறவல் கொட்டியவர் மட்டும் வாறதில்லை.