குழந்தை வளர்ப்பு: சொல்லும் வழக்கும்

குழந்தை வளர்ப்பு என்பது ஒரு குழந்தையின் உடலும் மனமும் ஒழுக்கமும் செழிக்கப் பெரியவர்கள் தொடர்ந்து செய்யும் பணியாகும். ஆங்கிலத்தின் 'பேரன்ட்டிங்' என்பதற்கு இணையாக இச்சொல் இன்று வழங்குகிறது. ஆயினும் இரண்டும் முற்றிலும் ஒரே பொருள் தருவன அல்ல.

சொற்பொருள்

'பேரன்ட்' என்பது ஈன்றெடுத்தலைக் குறிக்கும் இலத்தீன் வினையிலிருந்து வந்தது. தமிழின் 'பெற்றோர்' என்பதும் பெறுதலையே சுட்டுகிறது. ஆங்கிலத்தில் வளர்க்கும் பணிக்கும் ஈன்றவரின் பெயரே அமைந்தது. 'பேரன்ட்டிங்' என்னும் அச்சொல் அமெரிக்காவில் 1970களில்தான் பரவலானது. தமிழில் பெறுதல் வேறு, வளர்த்தல் வேறு. அக இலக்கியம் பெற்றவளை நற்றாய் என்றும், வளர்த்தவளைச் செவிலித்தாய் என்றும் பிரித்துச் சொல்கிறது.

கொடைக்கானல் பள்ளி

இந்த வேறுபாட்டைப் பழனிமலையின் வரலாற்றிலும் காணலாம். சமவெளியின் நோய்களுக்குப் பலரை இழந்த அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்தோர், 1845இல் கொடைக்கானலில் தங்கள் முதல் இரு பங்களாக்களைக் கட்டினர். 1901இல் மிஷனரிகளின் பிள்ளைகளுக்காக அங்கே ஹைக்ளெர்க் பள்ளி தொடங்கப்பட்டது. பெற்றோர் தொலைவில் பணியாற்ற, பிள்ளைகள் விடுதியில் வளர்ந்தனர். பின்னாளில் அது கொடைக்கானல் பன்னாட்டுப் பள்ளி ஆயிற்று. அங்கு விடுதிப் பிள்ளைகளைக் கவனிப்போர் 'டார்ம் பேரன்ட்' எனப்படுகின்றனர். பெறாதவர் செய்யும் வளர்ப்புக்கும் ஆங்கிலம் பெற்றவரின் பெயரையே இரவல் வாங்க வேண்டியிருந்தது.

மேல்மலை ஊர்கள்

கவுஞ்சி, மன்னவனூர், பூம்பாறை போன்ற மேல்மலை ஊர்களில் வெள்ளைப்பூண்டும் உருளைக்கிழங்கும் முக்கியப் பயிர்கள். தாயும் தந்தையும் காட்டு வேலைக்குச் செல்லும் குடும்பங்களில் பாட்டி, அக்காள், அண்டை வீட்டார் எனப் பலரும் பிள்ளையைப் பார்த்துக்கொள்கின்றனர். 1975இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் அங்கன்வாடிப் பணியாளரும் இவ்வரிசையில் சேர்ந்தார். இவர்கள் எவரும் 'பெற்றோர்' அல்லர்; ஆனால் அனைவரும் வளர்ப்பவர்களே.

இன்றைய வழக்கு

'பேரன்ட்டிங்' என்பதைப் 'பெற்றோரின் கடமை' என்று மட்டும் பெயர்த்தால் இவர்களின் உழைப்பு சொல்லிலிருந்தே மறைந்துவிடும். பிள்ளையின் குறை அனைத்தும் பெரும்பாலும் தாயின் தலையில் விழும். பள்ளிப் படிவங்களில் 'பெற்றோர் / பாதுகாவலர்' என்று அச்சிடப்படுவது ஓரளவு இக்குறையைப் போக்குகிறது. கையெழுத்திடத் தெரியாத பாட்டி தன் பெருவிரல் ரேகையை வைப்பதும் அந்த இடத்தில்தான்.