கடல் தந்த சொற்கள்

தலைநகரில் வாழும் நமக்குக் கடலைக் காணும் பேறு எளிதில் வாய்ப்பதில்லை. 1921-ஆம் ஆண்டில் எழுந்த கோல் மார்க்கெட்டைச் சூழ்ந்த குடியிருப்புகளில் வளரும் நம் சிறுவர்க்கு யமுனையே பெருநீர். ஆயினும் நாம் பேசும் மொழி கடலோரம் வளர்ந்த மொழியாகும். நம் முன்னோர் ஐந்திணையுள் ஒன்றாக நெய்தலை வகுத்தனர். அந்நிலத்துப் பரதவர் வழங்கிய சொற்களிற் சிலவற்றை ஈண்டு நோக்குவோம்.

திமில், அம்பி, பஃறி, தோணி, வங்கம், நாவாய் எனக் கலங்களுக்குச் சங்க நூல்கள் பல பெயர் கூறுகின்றன. மீன் பிடிக்கத் திமில். கடல் கடக்க வங்கம். உப்பை விற்று நெல்லொடு மீண்ட பஃறியைப் பட்டினப்பாலையிற் காண்கிறோம்.

இவ்வரிசையில் உலகை வலம் வந்த பெயர் கட்டுமரம். இலேசான மரங்களைக் கயிற்றாற் பிணைத்துச் செல்வர். கரை சேர்ந்ததும் அவிழ்த்து உலர்த்துவர். அலைநீர் இடுக்குகளின் வழியே வடிந்துவிடுவதால் அது மூழ்குவதில்லை. சென்னையில் துறைமுகம் அமையாத காலத்தே, கரைக்கும் கப்பலுக்குமிடையே கடிதம் சுமந்தோர் கட்டுமரக்காரரே. ஆங்கில மாலுமி வில்லியம் டாம்பியர் 1697-இல் வெளியிட்ட தம் பயண நூலில் இப்பெயரை எழுதினார். 1876-இல் அமெரிக்கரான ஹெரஷாஃப் அமைத்தது போன்ற இரட்டை உடற்படகுகளுக்கும் பின்னர் இப்பெயரே நிலைத்தது. பொருள் மாறினும் சொல் நம்முடையதே.

கடல்நீரின் ஏற்ற இறக்கத்தை ஓதம் என்றனர். முழுமதி நாள் வெள்ளுவா. மதி மறைந்த நாள் காருவா. இரண்டிற்கும் உவா என்பதே பொதுப்பெயர். ஞாயிறும் திங்களும் ஒரே நேர்க்கோட்டில் நின்று ஈர்ப்பதால் இவ்விரு நாட்களையொட்டி ஓதம் மிகும் என்று அறிவியல் கூறுகிறது. நம் இல்லங்களில் அமாவாசையும் பௌர்ணமியும் நோன்பு நாட்கள். நெய்தல் மக்களுக்கோ அவை கடல் பொங்கும் நாட்கள்.

காற்றுக்கும் திசைதோறும் பெயர் உண்டு. வடக்கினின்று வருவது வாடை. தெற்கினின்று வருவது தென்றல். கிழக்கினின்று வருவது கொண்டல். மேற்கினின்று வருவது கோடை. பாய் விரித்துச் சென்றவனுக்குக் காற்றின் பெயரே வழிகாட்டி. தை மாதத்தில் இந்நகரில் நம்மை நடுக்கும் குளிர்காற்றை வாடை என அழைத்தால் நம் குழந்தைகள் அச்சொல்லை மறவார்.

இன்றோ நிலை மாறிவிட்டது. இயந்திரப் படகுகள் பெருகின. 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை நம் கரையைத் தாக்கியது. அதன்பின் கட்டுமரங்கள் பலவற்றின் இடத்தைக் கண்ணாடியிழைப் படகுகள் பெற்றன. உழைப்பு எளிதானது நன்றே. உயிர் பணயம் வைத்துத் தொழில் செய்வோர் பழங்கலத்திலேயே உழல வேண்டுமென்று கரையில் அமர்ந்து கூறுவது அறமாகாது. எனினும் கலம் மறையுங்கால் அதன் உறுப்புகளுக்கும், அதனைச் செலுத்தும் முறைக்கும் உரிய சொற்களும் உடன் மறையும். அவற்றுள் பல இன்னும் அகராதி ஏறவில்லை. முதியோர் நாவிலேயே உள்ளன.

ஆதலின் அன்பர்களே, விடுமுறையில் ஊர் செல்லுங்கால், அண்மையிலுள்ள கடற்கரைச் சிற்றூருக்கு நம் மக்களை அழைத்துச் செல்வோம். அங்குள்ள பெரியவர்களிடம் காற்றின் பெயரையும் மீனின் பெயரையும் வலையின் பெயரையும் பணிவுடன் கேட்டு, ஒரு குறிப்பேட்டில் எழுதிவரச் செய்வோம். கடலை இங்குக் கொணர இயலாது. கடற்சொல்லைக் கொணர இயலும்.