புவியியல் பட்டதாரிகளின் பணிகள்: அவிநாசி வட்டாரத்தை முன்வைத்து ஒரு வரலாறு

பல்கலைக்கழகங்களில் புவியியல் பயின்றவர்கள் ஆசிரியர், நகரமைப்பாளர், நிலப்பட வரைவாளர், மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அலுவலர், தொலையுணர்வு வல்லுநர், ஆட்சிப் பணி அலுவலர் எனப் பல துறைகளில் பணியாற்றி வருகின்றனர். "புவியியலாளர்" என்ற பெயரிலேயே அமைந்த பதவிகள் மிகக் குறைவு. அதனால் இவர்களின் உழைப்பு பெரும்பாலும் வேறு பெயர்களுக்குள் மறைந்திருக்கிறது. ஒவ்வொரு காலத்திலும் அரசும் சமூகமும் நிலத்தைப் பற்றி எந்தக் கேள்வியைக் கேட்டனவோ, அதற்கேற்பவே இப்பட்டத்துக்கான பணிகளும் மாறி வந்துள்ளன. கொங்கு நாட்டின் அவிநாசி வட்டாரம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டாகும்.

அவிநாசியின் நிலமும் நீரும்

அவிநாசி இன்றைய திருப்பூர் மாவட்டத்தில் உள்ளது. 2009இல் அம்மாவட்டம் உருவாகும் வரை கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. தென்மேற்குப் பருவமழையை மேற்குத் தொடர்ச்சி மலை தடுப்பதால் இது மழைமறைவுப் பகுதி. நொய்யலின் துணையாறான நல்லாறு ஆண்டு முழுவதும் ஓடுவதில்லை. கிணறும் குளமுமே உழவுக்கு ஆதாரம். ஆழ்துளைக் கிணறுகள் பெருகியபின் நிலத்தடி நீர்மட்டம் தாழ்ந்துகொண்டே போனது.

பவானி ஆற்றின் மேற்பகுதியில் உள்ள அத்திக்கடவிலிருந்து கால்வாய் வெட்டி இப்பகுதிக்கு நீர் கொண்டுவர வேண்டும் என்ற கோரிக்கை அரை நூற்றாண்டுக்கும் மேலாக எழுந்து வந்தது. 2019இல் பணி தொடங்கிய அத்திக்கடவு–அவிநாசித் திட்டம் 2024 ஆகஸ்ட் 17 அன்று பயன்பாட்டுக்கு வந்தது. ஆனால் நிறைவேறிய வடிவம் பழைய கோரிக்கையிலிருந்து வேறுபட்டது. காளிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே கிடைக்கும் உபரிநீரில் ஆண்டுக்கு 1.5 டி.எம்.சி. அளவு எடுக்கப்படுகிறது. அது ஆறு நீரேற்று நிலையங்கள் வழியே மேட்டுக்கு ஏற்றப்பட்டு, ஈரோடு, திருப்பூர், கோயம்புத்தூர் மாவட்டங்களின் 1,045 குளம் குட்டைகளுக்குக் குழாய்களில் அனுப்பப்படுகிறது.

மேலிருந்து கால்வாயில் இயல்பாகப் பாய வேண்டும் என்று கேட்கப்பட்ட நீர், கீழிருந்து மின்சாரத்தால் ஏற்றப்பட்டது. எங்கே உபரி உண்டு, எந்தக் குளத்தின் நீர் எந்த ஊர்க் கிணற்றில் ஊறும், குளத்துக்கு வரும் ஓடைகள் எங்கே அடைபட்டுள்ளன என்பவை இத்தகைய திட்டங்களின் அடிப்படைக் கேள்விகள். குழாயும் மோட்டாரும் பொறியியலைச் சார்ந்தவை. இக்கேள்விகளோ புவியியலுக்கும் உரியவை. இவற்றுக்கு விடை காணும் பயிற்சி தமிழ்நாட்டில் எவ்வாறு உருவானது என்பது தனி வரலாறு.

பட்டத்துக்கு முந்தைய காலம்

தமிழகத்தில் நிலத்தை அளக்கும் பணி, புவியியல் பட்டம் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்பே தொடங்கிவிட்டது. 1794இல் சென்னையில் நிலஅளவைப் பள்ளி ஒன்று நிறுவப்பட்டது. பின்னாளில் கிண்டிப் பொறியியல் கல்லூரியாக வளர்ந்தது அதுவே. 1802இல் வில்லியம் லாம்டன் பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்து மாபெரும் முக்கோண அளவையைத் தொடங்கினார். அக்காலத்தில் ஆட்சிக்குத் தேவைப்பட்டது எல்லையும் வரியும். அளவையாளர்களே அத்தேவையை நிறைவு செய்தனர். நிலத்தை அளந்தவர்கள் பொறியாளர்களாக அறியப்பட்டதன் தொடக்கம் இங்கேயே இருக்கிறது.

ஆசிரியப் பணி

பள்ளிகளில் "பூகோளம்" என்ற பெயரில் வழங்கிய பாடம் பின்னர் "புவியியல்" எனப்பட்டது. இந்தியப் பல்கலைக்கழகங்களில் இது தனித்துறையாக வேரூன்றியது 1920களில்தான். சென்னையில் 1926இல் என். சுப்பிரமணியம் முயற்சியால் சென்னைப் புவியியல் கழகம் தோன்றியது. அதுவே பின்னர் இந்தியப் புவியியல் கழகம் ஆனது. அதன் ஆய்விதழ் இந்தியாவின் பழைமையான புவியியல் இதழ்களுள் ஒன்று. பள்ளி ஆசிரியர்களுக்குப் பாடத்தை முறையாகக் கற்பிப்பது இக்கழகத்தின் முதன்மை நோக்கங்களில் ஒன்றாக இருந்தது.

எனவே தொடக்ககாலப் பட்டதாரிகளுக்கு ஆசிரியப் பணியே முதல் வழியாயிற்று. இன்றும் தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் சமூக அறிவியல் கற்பிக்கும் பட்டதாரி ஆசிரியர் பணிக்குப் புவியியலுடன் பி.எட். முடித்தவர்கள் தகுதியுடையோர். மேல்நிலை வகுப்புகளுக்கு முதுகலைப் பட்டம் தேவை. எனினும் மேல்நிலையில் புவியியல் பாடம் எல்லாப் பள்ளிகளிலும் இல்லை. பள்ளியில் பாடம் குறைந்தால் கல்லூரிக்கு வரும் மாணவர் குறைவர். மாணவர் குறைந்தால் ஆசிரியர் பணியிடமும் குறையும். ஆசிரியப் பணி ஒன்றையே நம்பிய துறைக்கு இச்சுழற்சி பெரும் இடர்.

திட்டமிடலும் கணக்கெடுப்பும்

இரண்டாவது வழி, வளங்களைத் திட்டமிடும் தேவையால் திறந்தது. 1930களில் டட்லி ஸ்டாம்ப் பிரிட்டனில் நடத்திய நிலப் பயன்பாட்டு அளவைக்குப் பள்ளி மாணவர்களும் ஆசிரியர்களும் களப்பணி செய்தனர். உலகப்போர்க் காலத்தில் உணவு உற்பத்தியைத் திட்டமிட அந்நிலப்படங்கள் உதவின. ஸ்டாம்ப் அதற்குமுன் ரங்கூனில் பேராசிரியராக இருந்தவர்.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜார்ஜ் குரியன் இந்தியாவின் நீர்மின்சக்தி குறித்து 1945இல் நூல் வெளியிட்டார். இப்பொருள் கொங்கு நாட்டுக்கு நெருக்கமானது. 1932இல் தொடங்கிய பைக்காரா மின்சாரமே கோவைப் பஞ்சாலைகள் பெருகவும் கிணறுகளில் மின்மோட்டார் ஓடவும் வழி செய்தது. மலையில் பெய்யும் மழை சமவெளியின் ஆலையை இயக்குவதை ஒரே பார்வையில் விளக்கக்கூடிய பாடமாகப் புவியியல் வளர்ந்தது.

விடுதலைக்குப்பின் நடுவண் அரசு பணியிடங்களை உருவாக்கியது. 1956இல் கொல்கத்தாவில் எஸ். பி. சாட்டர்ஜி தலைமையில் தேசிய நிலப்பட அமைப்பு தொடங்கப்பட்டது. மேகாலயா என்ற பெயரை உருவாக்கியவராகக் குறிப்பிடப்படுபவரும் இவரே. மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறையின் நிலப்படப் பிரிவும், நகர ஊரமைப்புத் துறைகளும், ஐந்தாண்டுத் திட்டங்களுக்கான வட்டார ஆய்வுகளும் புவியியல் படித்தோருக்கு இடமளித்தன. குடிமைப் பணித் தேர்வின் விருப்பப் பாடங்களில் புவியியல் பலராலும் தேர்ந்தெடுக்கப்பட்டதால் ஆட்சிப் பணியும் ஒரு வழியாக நிலைபெற்றது.

செயற்கைக்கோள் காலம்

மூன்றாவது மாற்றம் கணினியால் நேர்ந்தது. 1960களில் ரோஜர் டாம்லின்சன் என்ற புவியியலாளர் கனடாவின் நிலவளங்களைப் பதிவு செய்ய முதல் புவித் தகவல் முறைமையை, அதாவது ஜி.ஐ.எஸ். முறையை, வடிவமைத்தார். இந்தியாவில் 1974இல் தேசியத் தொலையுணர்வு முகமை அமைந்தது, 1988இல் ஐ.ஆர்.எஸ். 1ஏ செயற்கைக்கோள் ஏவப்பட்டது. கையால் நிலப்படம் வரைந்த பட்டதாரி, படிமங்களிலிருந்து பயிர்ப் பரப்பையும் ஏரிகளின் சுருக்கத்தையும் கணிக்கலானார்.

2004 ஆழிப்பேரலைக்குப் பின் வந்த 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம் இடர் வரைபடங்களின் தேவையைக் கூட்டியது. 2021 பிப்ரவரியில் வெளியான வழிகாட்டுதல்கள் நிலப்படத் தரவுகளைத் திரட்டவும் வெளியிடவும் இருந்த கட்டுப்பாடுகளைப் பெரிதும் தளர்த்தியதால் தனியார் நிறுவனங்களிலும் வாய்ப்புகள் விரிந்தன.

துறைக்கு வெளியே சென்றவர்களும் உண்டு. பிரிட்டனின் முன்னாள் பிரதமர் தெரசா மே ஆக்ஸ்ஃபோர்டிலும், கூடைப்பந்து வீரர் மைக்கேல் ஜோர்டன் வட கரோலைனாப் பல்கலைக்கழகத்திலும் புவியியல் பயின்றவர்கள்.

கொங்கு நாட்டில் இன்றைய நிலை

கோயம்புத்தூர் அரசு கலைக் கல்லூரியில் புவியியல் கற்பிக்கப்படுகிறது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் தொலையுணர்வு, புவித் தகவல் முறைமைத் துறையும், ஆனைகட்டியில் சலீம் அலி பறவையியல் மையமும் இயங்குகின்றன. பயிர் மதிப்பீடு, யானை வழித்தடம், காட்டுப் பரப்பின் மாற்றம் ஆகிய ஆய்வுகளுக்கு நிலப்படமே அடித்தளம்.

வட்டாரத்தின் சிக்கல்களும் இவ்வறிவைக் கோருகின்றன. திருப்பூர்ச் சாயக்கழிவால் நொய்யலும் ஒரத்துப்பாளையம் அணையும் கெட்டன. விதிகளை நிறைவேற்றாத சாயப்பட்டறைகளை மூட 2011இல் சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. கழிவு எங்கே தோன்றி எந்த நிலத்தைச் சேர்ந்தது என்பதைக் காட்டப் பாதையும் சரிவும் தெரிந்தாக வேண்டும்.

பெயரும் பணியும்

வேலைவாய்ப்பு விளம்பரங்களில் புவியியல் என்ற சொல்லைத் தேடும் மாணவர் பெரும்பாலும் ஏமாற்றமே அடைவார். ஜி.ஐ.எஸ். ஆய்வாளர், நிலப்பயன்பாட்டு ஆலோசகர், நீர்வடிப்பகுதித் திட்ட அலுவலர், பேரிடர் மேலாண்மை ஒருங்கிணைப்பாளர் என்ற பெயர்களிலேயே வேலைகள் உள்ளன. அவற்றுக்குப் பொறியியல், நிலவியல், கணினிப் பட்டதாரிகளும் போட்டியிடுகின்றனர். மென்பொருள் பயிற்சி இல்லாத புவியியல் பட்டம் அங்கே பின்தங்குகிறது. களப்பயிற்சி இல்லாத மென்பொருள் அறிவோ, குளத்தின் பரப்பைச் சொல்லும். அதன் வரத்து வாய்க்கால் தூர்ந்திருப்பதைச் சொல்லாது.

அவிநாசிக்கு நீர் வந்துவிட்டது. ஆனால் உபரி குறையும் ஆண்டில் எந்தக் குளத்துக்கு முதலில் நீர் விடுவது, எந்தக் கிணறுகள் உண்மையில் ஊறுகின்றன என்பவற்றைத் தொடர்ந்து அளந்து பதிவு செய்தாக வேண்டும். அப்பணியைச் செய்பவரின் பதவிப் பெயர் எதுவாயினும், அவர் செய்வது புவியியலே.