கடல்கட்டியும் கயிற்றுக்காரனும்

தூத்துக்குடிக் கடற்கரையின் பழைய சரித்திரத்தைப் படிப்பவர்கள் பெரும்பாலும் முத்தின் விலையையும், அந்த முத்துக்காகப் பாண்டியரும் போர்த்துகீசியரும் டச்சுக்காரரும் ஆங்கிலேயரும் ஒருவர்பின் ஒருவராக இக்கரையில் செலுத்திய அதிகாரத்தையுமே கவனித்துப் போகிறார்கள். அத்தொழிலின் கணக்கில் காலந்தோறும் வேறொரு செலவும் விழுந்துகொண்டே வந்திருக்கிறது. கடலில் இறங்குகிறவனுடைய அச்சத்தைத் தெளிவிப்பதற்கு ஆன செலவு அது. குழந்தைகளுக்கென்றே எடுத்த படத்தைப் பார்த்துவிட்டு இரவெல்லாம் தூங்காமல் வீரிட்டழும் பிள்ளையை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று திகைக்கும் இக்காலத்துப் பெற்றோருக்கும் அந்தப் பழைய செலவில் படிப்பினை உண்டு என்பது என் அபிப்பிராயம்.

பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இவ்வழியே சென்ற வெனிஸ் நகரத்துப் பிரயாணி மார்க்கோ போலோ, மன்னார் வளைகுடாவின் முத்துச்சலாபத்தை, அதாவது முத்துக்குளிப்பை, வர்ணிக்கும்போது, எடுத்த முத்தில் பத்தில் ஒரு பங்கு அரசனுக்குப் போனதென்றும், குளிப்பவர்களைப் பெருமீன்கள் தீண்டாதபடி மந்திரத்தால் கட்டுகிறவர்களுக்கு இருபதில் ஒரு பங்கு போனதென்றும் எழுதுகிறார். நாட்டையும் கடலையும் ஆள்பவனுக்குக் கிடைத்ததில் சரிபாதி, வெறும் பயத்தை ஆள்பவனுக்குக் கிடைத்திருக்கிறது! அம்மந்திரம் அன்றைய பகலுக்கு மட்டுமே செல்லும் என்பதும், இரவில் கட்டை அவிழ்த்துவிட்டு மறுநாள் காலையில் மீண்டும் கட்ட வேண்டும் என்பதும் அவர் தரும் விவரங்கள். அச்சம் ஒருமுறை போக்கினால் ஒழிந்துபோகும் வியாதியன்று, நாள்தோறும் கவனிக்க வேண்டிய காரியம் என்பதை அந்த ஏற்பாட்டைச் செய்தவர்கள் நன்றாக அறிந்திருந்தார்கள்.

ஐந்து நூற்றாண்டுகளுக்குப் பிறகும் மந்திரத்தால் கட்டும் அந்த உத்தியோகம் மறையவில்லை. இக்கரையிலிருந்தும் குளிகாரர்கள் தோணியேறிச் சென்ற இலங்கைச் சலாபத்தைக் கண்டு 1807-இல் நூல் வெளியிட்ட ஜேம்ஸ் கார்டினர் என்னும் பாதிரியார், தமிழில் கடல்கட்டி என்று வழங்கிய அம்மனிதரைப் பற்றி விரிவாகவே எழுதியிருக்கிறார். படகுகள் புறப்பட்டது முதல் திரும்பும் வரையில் ஒரு கடல்கட்டி கரையில் பிறர் கண்ணில் படாமல் ஓர் அறைக்குள்ளேயே அடைபட்டிருப்பார். அவர் முன்னே நீர் நிறைந்த பித்தளைத் தட்டில் ஆணும் பெண்ணுமாக இரண்டு வெள்ளி மீன்கள் கிடக்கும். கடலில் யாரையாவது சுறா தீண்டினால் இங்கே ஒரு மீன் மற்றதைக் கடிக்கும் என்பது நம்பிக்கை. சுறாவினால் நேர்ந்த விபத்துக்கள் மிகவும் அரிது என்று தெரிந்திருந்தும், அந்த மனிதர் இன்றிக் குளிகாரர் கடலில் இறங்கமாட்டார்கள் என்பதனால், மந்திரத்தில் நம்பிக்கையில்லாத ஆங்கில அதிகாரிகளும் அவரை விலக்க முடியாமல் வைத்துக்கொண்டார்கள்.

இவ்விஷயத்தில் மிகவும் சுவையான குறிப்பை எழுதி வைத்தவர் இலங்கையில் ஆங்கில அதிகாரியாக இருந்த எமர்சன் டென்னன்ட். பரம்பரையாக வரும் அப்பதவியை அவர் காலத்தில் வகித்தவர் ஒரு ரோமன் கத்தோலிக்கர். மந்திரத்தின் வலிமைக்கும் மந்திரிப்பவரின் மதத்துக்கும் சம்பந்தம் இருப்பதாக எவரும் கருதவில்லை. டென்னன்ட் சென்ற சமயத்தில் அந்தக் கடல்கட்டி நோயுற்றிருந்தபடியால் தமக்குப் பதிலாக வேறொருவரை அனுப்பியிருந்தார். வந்தவரோ, அந்த மந்திர ரகசியம் தமக்குத் தெரியாது என்றும், பெரியவருடைய பிரதிநிதியாகத் தாம் அங்கே இருப்பதொன்றே போதும், சுறாக்கள் மரியாதை செய்யும் என்றும் சற்றும் தயங்காமல் சொன்னாராம். சுறாக்கள் மரியாதை செய்தனவோ இல்லையோ, குளிகாரர்களுக்கு அது போதுமானதாக இருந்தது. மந்திரம் தெரியாவிட்டாலும் பாதகமில்லை, ஆள் இருக்க வேண்டும் என்பதே இதன் சாரம்.

கரையில் கடல்கட்டி இருந்ததுபோல் படகில் கயிற்றுக்காரன் இருந்தான். குளிப்பவன் கல் கட்டிய கயிற்றின் வளையத்தில் பாதத்தை நுழைத்து, மூக்கை அடைத்து, மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டதும், மேலே இருப்பவன் கயிற்றைத் தளர்த்துவான். கல்லின் கனத்தால் குளிப்பவன் சிப்பி விளையும் பாரின் தரைக்குப் போய்ச் சேர்ந்த பிறகு கல் மேலே ஏற்றப்படும். சிப்பிக் கூடையின் கயிறு மட்டும் இருவருக்கும் நடுவே தொடர்பாக நிற்கும். ஒரு நிமிஷத்துக்குச் சற்றுக் கூடவோ குறையவோ செல்லும் அந்த அவகாசம் முழுவதும் மேலே இருப்பவன் வேறெங்கும் பார்க்கலாகாது. கீழிருந்து கயிறு அசைந்த கணத்தில் இழுத்தாக வேண்டும். தங்கை தாலியை நினைத்தாவது கண்ணயராதிருப்பான் என்று மைத்துனனிடமே கயிற்றைக் கொடுப்பது வழக்கம் எனக் கடற்கரையில் சொல்வதுண்டு. எப்போது மேலே வரவேண்டும் என்று தீர்மானிக்கும் உரிமை, கீழே இருப்பவனுக்கே உரியது என்பதை இங்கே விசேஷமாகக் கவனிக்க வேண்டும்.

நோய்க்கும் குழந்தைகளின் பயத்துக்கும் இக்கரையில் இத்தகைய உபாயங்களே இருந்தன. 1542-இல் இங்கு வந்த பிரான்சிஸ் சவேரியார், நோயாளிகளின் வீடுகளிலிருந்து வந்த அழைப்புகள் அளவு மீறியபோது, ஜெபங்களைக் கற்ற சிறுவர்களையே தமக்குப் பதிலாக அனுப்பி வைத்ததாக 1544-ஆம் ஆண்டின் கடிதம் ஒன்றில் எழுதியிருக்கிறார். அந்தி நேரத் தொழுகை முடிந்து வருவோர் ஓதி ஊதுவதற்காகப் பள்ளிவாசல் வாசலில் பிள்ளையோடு காத்து நிற்கும் தாய்மாரையும், வேப்பிலையால் வருடித் திருநீறு பூசிக் கறுப்புக் கயிறு கட்டிவிடும் கிழவிகளையும் இன்றும் காணலாம். இவற்றில் எதுவுமே, பயந்த பிள்ளையைப் பார்த்துப் பயப்பட ஒன்றுமில்லை என்று சொல்லி அனுப்பிவிடும் முறையன்று. பயம் உண்மையென்று முதலில் ஒப்புக்கொண்டு, பிறகு ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து, உடம்பைத் தொட்டு, நேரம் செலவிடுவதே இவற்றுக்கெல்லாம் பொதுவான லட்சணம்.

சுதந்திர இந்தியாவில் தூத்துக்குடியின் கடைசிச் சலாபங்கள் 1955 முதல் 1961 வரை நடந்தன. குழந்தைகளுக்கான திரைப்படச் சங்கத்தை மத்திய சர்க்கார் தோற்றுவித்ததும் அதே 1955-இல்தான். இருட்டறையில் பிள்ளைகளை இறக்கிவிடும் இந்தப் புதுத் தொழிலுக்கும் காவல் தேவை என்பதை மேல்நாட்டார் முன்னரே உணர்ந்திருந்தார்கள். டிஸ்னியின் ‘ஸ்நோ ஒயிட்’ படத்துக்கு 1938-இல் பிரிட்டிஷ் தணிக்கையாளர் வழங்கிய சான்றிதழின்படி, பதினாறு வயதுக்குட்பட்டவர்கள் பெரியவர் துணையுடன்தான் அதைப் பார்க்கலாம். நம் நாட்டில் 1983-இல் வந்த ‘யு/ஏ’ சான்றிதழ் பன்னிரண்டு வயதுக்குட்பட்டவர்களைப் பெற்றோரின் வழிகாட்டலில் விட்டது. 2023-இன் சட்டத்திருத்தம் அதனை ஏழு, பதின்மூன்று, பதினாறு என்று வயதுவாரியாகப் பிரித்தது. மந்திரம் சொல்லத் தெரியாத பெற்றோரைச் சட்டமே கடல்கட்டியாக நியமித்துவிட்டது என்று சொல்லலாம்.

1967-இல் வந்த ‘பட்டணத்தில் பூதம்’ படத்தில் ஜாவர் சீதாராமன் ஏற்ற பூதம் பெரியவர்களுக்குச் சிரிப்புக்கிடமானது. நாலு வயதுக் குழந்தைக்கோ அதே உருவம் தலையணைவரை தொடர்ந்து வரக்கூடும். இந்தப் பயத்தைப் பற்றி நெடுநாள் ஆராய்ந்த விஸ்கான்சின் பல்கலைக்கழகத்து ஜோஆன் கேண்டர் கண்டபடி, சிறு குழந்தைகள் தோற்றத்தைக் கண்டு அஞ்சுகிறார்கள். வளர்ந்த பிள்ளைகள் நடக்கக்கூடியதை எண்ணி அஞ்சுகிறார்கள். ஆகவே, “அது வெறும் வேஷம்” என்னும் சமாதானம் பத்து வயதுப் பிள்ளைக்குத்தான் பயன்படும்; நாலு வயதுக்கு மடியும், போர்வையும், ஒரு தம்ளர் பாலுமே மருந்து.

படம் ஓடும்போது பக்கத்தில் இருப்பதும், “போதும்” என்று குழந்தை சொன்ன கணத்தில், கொடுத்த டிக்கெட்டுப் பணத்தை நினையாமல் எழுந்து வெளியே வருவதும் பெற்றோர் செய்ய வேண்டிய முதற்காரியங்கள். இரவில் பிள்ளை எழுந்து அழுதால் கேலி செய்யாமல் விளக்கேற்றிப் பக்கத்தில் படுப்பதும், மறுநாள் பகலில் அந்தப் பூதத்தைச் சிலேட்டில் வரையச் சொல்லி, மீசை வைப்பதா கொம்பு வைப்பதா என்று பிள்ளையையே தீர்மானிக்க விடுவதும் அடுத்தவை. சில நாள் சென்று அந்தக் காட்சியைத் தானாகவே மீண்டும் பார்க்கக் கேட்டால், சத்தத்தைக் குறைத்துக் காட்டலாம். கேட்காத பிள்ளையைத் தைரியம் வரட்டும் என்று பிடித்து உட்கார வைப்பது மட்டும் கூடாது. குளிக்க மனமில்லாதவனைக் கல்லோடு தள்ளிவிட்டு முத்தெடுத்த படகுக்காரச் சம்மாட்டி எவனும் இல்லை.