அறுவை சிகிச்சைக் கருவிகளைக் கிருமிநீக்கம் செய்யும் வேலை: என்ன பயிற்சி? யாருக்குப் பொருந்தும்?

அறுவை சிகிச்சை என்றதும் மருத்துவர், தாதி, மயக்க மருந்து கொடுப்பவர் ஆகியோர் நினைவுக்கு வருவார்கள். அவர்கள் கையில் இருக்கும் கத்தியும் இடுக்கியும் நேற்று வேறொரு நோயாளியின் உடலுக்குள் இருந்திருக்கலாம். இன்று அவை பாதுகாப்பானவை என்று யார் உறுதி சொல்வது?

அதற்கென்று மருத்துவமனையில் தனிப் பிரிவு உண்டு. சிஎஸ்எஸ்டி என்பார்கள். சில இடங்களில் எஸ்எஸ்யு. பயன்படுத்திய கருவிகளை வாங்கி, கழுவி, சோதித்து, பொதிந்து, கிருமிநீக்கம் செய்து திருப்பி அனுப்புவது அதன் வேலை. நோயாளிகளின் கண்ணில் படாத இடத்தில்தான் பெரும்பாலும் இயங்கும். வேலை மாறும் யோசனையில் இருப்பவர்கள் அங்கே ஓர் இடம் இருப்பதை அறிவதே அரிது.

"பாத்திரம் கழுவுற மாதிரிதானே?"

இந்த வேலையைப் பற்றிச் சொன்னதும் பலர் கேட்கும் கேள்வி இது. அரை உண்மை. கழுவுவதுதான் அடிப்படை. ஆனால் கழுவிய பாத்திரத்தைக் கண்ணால் பார்த்தே சுத்தம் என்று சொல்லிவிடலாம். கிருமிநீக்கம் ஆன கருவியும் ஆகாத கருவியும் பார்வைக்கு ஒரே மாதிரிதான் இருக்கும். பயிற்சியில் முக்கால்வாசி இந்த ஒரு சிக்கலைச் சுற்றித்தான்.

முதலில் கழுவுதல். இரத்தம் காய்ந்துவிட்டால் எடுப்பது கடினம். அதனால் அறுவை சிகிச்சை முடிந்த கையோடு கருவிகளை ஈரமாக வைத்திருக்க நுரை அல்லது ஜெல் தெளிப்பார்கள். சலைன் எனப்படும் உப்புநீரில் ஊறவைத்தால் துருப்பிடிக்காத எஃகும் அரித்துப்போகும். நேராகக் கொதிநீரில் போட்டால் இன்னொரு சிக்கல்: முட்டையின் வெள்ளைக்கரு சட்டியில் ஒட்டிக்கொள்வதுபோல் இரத்தத்தின் புரதம் இறுகி ஒட்டிவிடும். ஆகவே முதல் அலசலுக்குக் குளிர்ந்த அல்லது வெதுவெதுப்பான நீர்தான்.

பிறகு நொதி கலந்த சோப்புநீர், பிரஷ், ஒலி அலைகளால் அழுக்கை உதிர்க்கும் தொட்டி, 90 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடாகும் கழுவும் இயந்திரம். எலும்பு துளைக்கும் கருவிகள், உள்ளே குழாய் போன்ற துளை உள்ள கருவிகள், மூட்டுவாய் உள்ள இடுக்கிகள் ஆகியவை கையால்தான் பார்க்கப்பட வேண்டும். எத்தனை பகுதியாகக் கழற்றுவது, எந்த பிரஷ், எந்த வெப்பம் என்று தயாரிப்பாளர் தரும் கையேட்டில் இருக்கும். அதைப் படித்து, அதன்படி செய்யப் பழகுவது பயிற்சியின் பெரும் பகுதி.

ஏன் இவ்வளவு கவனம்? அழுக்கு ஒட்டியிருக்கும் இடத்தில் நீராவி படாது. ஒழுங்காகக் கழுவாத கருவியை எந்த இயந்திரத்தாலும் கிருமிநீக்கம் செய்ய முடியாது. இதை மட்டும் புரிந்துகொண்டாலே வேலையில் பாதி கற்றதுபோல்.

குக்கர் சொல்லித்தரும் பாடம்

ஆட்டோகிளேவ் எனப்படும் நீராவி இயந்திரத்தைப் புரிந்துகொள்ள வீட்டுக் குக்கரை நினைத்துப் பாருங்கள். ஆவி நன்றாக வந்த பிறகுதானே வெயிட் போடுவோம்? உள்ளே இருக்கும் காற்றை ஆவி வெளியே தள்ள வேண்டும் என்பதுதான் காரணம். காற்று தங்கிவிட்டால் அந்த இடத்துக்கு நீராவியின் சூடு சரியாகப் போகாது.

மருத்துவமனை இயந்திரங்கள் காற்றைப் பம்பு வைத்துப் பலமுறை உறிஞ்சி எடுக்கின்றன. பிறகு நீராவியை நிரப்பி, வழக்கமாக 134 டிகிரியில் குறைந்தது 3 நிமிடம் வைக்கின்றன. அதற்கு முன்னும் பின்னும் ஆகும் நேரத்தையும் உலர்த்துவதையும் சேர்த்தால் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகிவிடும். "டாக்டர் அவசரமா கேட்குறாரு" என்பதற்காக அதைக் குறைக்க முடியாது.

காற்று உண்மையிலேயே வெளியேறியதா? அதற்கு ஒவ்வொரு நாளும் முதல் பொதியை ஏற்றுவதற்கு முன் போவி-டிக் என்ற சோதனை உண்டு. காலி இயந்திரத்துக்குள் சோதனைத் தாள் வைத்த பொதி போகும். தாள் முழுவதும் ஒரே சீராக நிறம் மாற வேண்டும். நடுவில் திட்டு தெரிந்தால் அந்த இயந்திரத்தை நிறுத்திவைக்க வேண்டும்.

இதோடு ஒவ்வொரு பொதிக்குள்ளும் நிறம் மாறும் ரசாயனக் காட்டி இருக்கும். குறிப்பிட்ட இடைவெளியில், சூட்டை மிகவும் தாங்கும் ஒருவகை பாக்டீரியாவின் வித்துகளையே உள்ளே அனுப்பி, அவை செத்தனவா என்றும் பார்ப்பார்கள். பொதியின் வெளியே ஒட்டிய டேப்பில் கோடு கறுத்தால் போதும் என்று புதியவர்கள் நினைப்பதுண்டு. அந்தப் பொதி இயந்திரத்துக்குள் போய்வந்தது என்பதற்கு மட்டுமே அது சாட்சி.

வெளியே வந்த பொதி ஈரமாக இருந்தால்? அதைக் கிருமிநீக்கம் ஆகாததாகவே கருதுவார்கள். ஈரம் வழியாகக் கிருமி உள்ளே ஏறும். பிரித்து, மறுபடியும் பொதிந்து, மறுபடியும் ஏற்ற வேண்டும். சூடு தாங்காத கருவிகளுக்கு ஹைட்ரஜன் பெராக்சைடு போன்ற வேறு முறைகள் உண்டு. அவற்றுக்கான பயிற்சி பொதுவாகப் பின்னால்தான் வரும்.

2017இல் நடந்தது

இந்த வேலை சறுக்கினால் என்ன ஆகும் என்பதற்குச் சிங்கப்பூரிலேயே உதாரணம் உண்டு. 2017 ஜூனில் தேசியப் பல் மருத்துவ நிலையத்தில் 72 பொதிகள் வரை, கடைசிக் கட்டமான நீராவிக் கிருமிநீக்கம் முடியாமலேயே சிகிச்சை அறைகளுக்கு அனுப்பப்பட்டது தெரியவந்தது. முந்தைய கட்டங்களைக் கருவிகள் கடந்துவிட்டதால் தொற்று அபாயம் மிகவும் குறைவு என்று அப்போது கூறப்பட்டது.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று: அந்தப் பொதிகள் வெறும் இயந்திரத்தை மட்டும் தாண்டிப் போகவில்லை. பொதியை எடுத்து அனுப்புபவர், பிரித்துப் பயன்படுத்துபவர் என்று மனிதர்களையும் தாண்டித்தான் போயின. பயிற்சியில் "பார்த்தேன்" என்று கையெழுத்துப் போடுவதற்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம் என்று கேட்டால், பதில் இதுதான்.

பயிற்சி எப்படி இருக்கும்?

தாதியருக்கு இருப்பதுபோல் பதிவு உரிமம் இங்கே இந்த வேலைக்குத் தேவையில்லை. பெரும்பாலும் வேலையில் சேர்ந்த பிறகே கற்றுத்தருகிறார்கள். மூத்த ஊழியர் ஒருவர் பக்கத்தில் நிற்பார். முதலில் கழுவும் பகுதி, பிறகு பொதியும் பகுதி, கடைசியில் இயந்திரங்கள் என்று நகர்வது வழக்கம்.

பொதியும் பகுதிதான் பலரைத் திணறடிக்கும். ஒரு ட்ரேயில் பல டஜன் கருவிகள் இருக்கலாம். மேயோ கத்தரிக்கோல் தடிமன், மெட்சன்பாம் மெல்லியது. சரி, அது சுலபம். கெல்லி இடுக்கியும் கிரைல் இடுக்கியும்? பார்க்க இரட்டைப் பிள்ளைகள். கெல்லியின் வாயில் பாதி நீளத்துக்குத்தான் வரிகள், கிரைலில் முழு நீளத்துக்கும். ஒன்றுக்குப் பதில் மற்றொன்றை வைத்தால், அல்லது ஒன்று குறைந்தால், அது தெரியவருவது நோயாளி மேசையில் படுத்திருக்கும்போது. கத்தரிக்கோல் வெட்டுகிறதா, இடுக்கியின் பூட்டு நிற்கிறதா என்பதையும் இங்கேதான் சோதிப்பார்கள்.

அனைத்துலகச் சான்றிதழ் வேண்டும் என்றால், அமெரிக்காவின் எச்எஸ்பிஏ அமைப்பு நடத்தும் சிஆர்சிஎஸ்டி பலருக்கும் தெரிந்த ஒன்று. எழுத்துத் தேர்வோடு 400 மணி நேர நேரடி வேலை அனுபவமும் கேட்கிறார்கள். வாரத்துக்கு 40 மணி நேரம் என்றால் 10 வாரம். நியூயார்க், நியூஜெர்சி மாநிலங்களில் சான்றிதழைச் சட்டமே கேட்கிறது.

பயிற்சிக் கட்டணத்துக்கு, 25 வயதைத் தாண்டிய சிங்கப்பூரர்கள் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் சிறப்புத்தொகையைப் பார்க்கலாம். 40 வயதும் அதற்கு மேற்பட்டவர்களுக்கும் 2024 மே மாதத்திலிருந்து கூடுதலாக 4,000 வெள்ளி கிடைக்கிறது. ஆனால் அதை எல்லாப் பயிற்சிக்கும் பயன்படுத்த முடியாது. பணம் கட்டும் முன் அந்தப் பயிற்சி பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள்.

யாருக்குப் பொருந்தும்?

நாள் முழுக்க நிற்க வேண்டும். நிரம்பிய ட்ரே கனக்கும். 11 கிலோவைத் தாண்டக்கூடாது என்பது பரவலாகப் பின்பற்றப்படும் வரம்பு. கழுவும் பகுதியில் முகக்கவசம், கண்ணாடி, மேலங்கி, தடித்த கையுறை எல்லாம் போட்டுக்கொண்டு வேலை பார்க்கும்போது வியர்க்கும். யாரோ மறந்து ட்ரேயிலேயே விட்ட கத்தி முனை கையைக் கிழிக்கலாம். அதனால் ஹெப்படைட்டிஸ் பி தடுப்பூசி முக்கியம். நிறக் காட்டிகளைப் படிக்க வேண்டியிருப்பதால் நிறக்குருடு இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஷிஃப்ட் வேலை, நோயாளி வந்து நன்றி சொல்லப்போவதும் இல்லை.

மறுபக்கம், மின்னணுத் தொழிற்சாலையில் தரச் சோதனை செய்தவர்கள், பெரிய சமையற்கூடத்தில் ஒழுங்கோடு வேலை பார்த்தவர்கள் ஆகியோருக்கு இந்த வேலையின் போக்கு புதிதாக இருக்காது என்று தோன்றுகிறது. பேச்சைவிடக் கவனம் அதிகம் உள்ளவர்களுக்கு இது நல்ல இடம். ஆனால் ஒரு இடத்தில் வாயைத் திறந்தே ஆக வேண்டும்: சந்தேகம் வந்தால் "இந்தப் பொதியை அனுப்ப முடியாது" என்று அறுவை சிகிச்சை அறைக்குச் சொல்லும்போது.

நேர்முகத் தேர்வுக்குப் போனால் சம்பளத்தோடு இவற்றையும் கேளுங்கள். எத்தனை வாரம் மூத்த ஊழியருடன் வேலை செய்வேன்? இரவு ஷிஃப்டில் எப்போது தனியாக விடுவீர்கள்? ஒரு பொதியை நான் நிறுத்திவைத்தால் அடுத்து யாரை அழைக்க வேண்டும்? மூன்றாவது கேள்விக்கு உடனே பதில் வராவிட்டால், சேருவதற்கு முன் கொஞ்சம் யோசியுங்கள்.