தாலியும் முதற் கற்பனையும்

அண்ணாமலையின் அடிவாரத்தில் குடியிருப்பவர்கள் நாம். கார்த்திகைத் தீபத்தன்று மலையுச்சியில் சுடர் தோன்றும்போது ஊரே கைகூப்பி நிற்கிறது. அயல்வீட்டார் அன்போடு பிரசாதம் நீட்டுகின்றனர். வாங்கலாமா, கூடாதா? நம் இல்லங்களில் எழும் இக்கேள்விக்காக நம் முன்னோர் பட்ட பாட்டை இந்த ஜூபிலி வேளையில் நினைவுகூர்வது நலம்.

சர்வேசுரன் ஒருவரையே ஆராதிக்க வேண்டும் என்பது முதற் கற்பனை. பொன் கன்றுக்குட்டியை வணங்கிய மக்களை மோயீசன் கண்டித்தார். ஆயினும் அதே மோயீசன்தான் இறைவன் கட்டளைப்படி வெண்கலப் பாம்பைச் செய்து உயர்த்தினார். பிற்காலத்தில் மக்கள் அதற்குத் தூபம் காட்டவே, எசேக்கியாஸ் அரசர் அதையும் உடைத்தெறிந்தார். ஆகவே, ஒரு பொருளுக்கு மனிதன் எந்த இடத்தைத் தருகிறான் என்பதே கேள்வி. ஆராதனை இறைவனுக்கே உரியது, சுரூபங்களுக்கு உரியது வணக்கம் மட்டுமே என்று 787-ஆம் ஆண்டு நிசேயா பொதுச்சங்கம் தெளிவாக்கியது. கொரிந்து நகரத்தாருக்கு எழுதிய புனித சின்னப்பரோ, அயலார் விருந்துக்குச் செல்லலாம், ஆனால் படைத்தது என்று தெரிந்தால் பிறர் மனச்சாட்சியை முன்னிட்டு விலக்குங்கள் என்றார்.

தமிழகத்தில் இக்கேள்வி பெரும் வழக்காகவே மூண்டது. 1606-இல் மதுரை வந்த இராபர்ட் தெ நொபிலி சுவாமிகள் குடுமி, சந்தனம், பூணூல் ஆகியவை நாட்டு வழக்கமே, வழிபாடு அல்ல என்று வாதாடினார். மூடநம்பிக்கை கலவாத வரையில் 1623-இல் பாப்பரசர் பதினைந்தாம் கிரகோரியார் அவற்றுக்கு இசைவளித்தார். பின்னர் புதுச்சேரி வந்த பாப்பரசரின் தூதர் தூர்னோன் ஆண்டகை, 1704-இல் பல வழக்கங்களைத் தடை செய்தார். பிள்ளையார் உருவம் பொறித்த தாலி கூடாது, சிலுவையோ தேவமாதாவின் உருவமோ பொறித்த தாலி அணியலாம் என்றார். இன்றும் நம் பெண்களின் கழுத்தில் தாலி இருக்கிறது, அதில் சிலுவை இருக்கிறது. நாட்டு வழக்கத்தையும் கைவிடாமல், ஆராதனையையும் பங்கிடாமல் நம் முன்னோர் கண்ட வழி இதுவே. 1969-இல் இந்திய ஆயர்களின் வேண்டுகோளை உரோமை ஏற்றதால் குத்துவிளக்கும் நம் பீடத்தருகே வந்தது.

எனினும், அவ்வழக்கில் இன்னொரு பகுதியும் உண்டு. தாழ்த்தப்பட்டோர் வீடுகளுக்குள் சென்று நோயாளிகளுக்குத் தேவதிரவிய அனுமானங்களை வழங்கக் குருக்கள் தயங்கினர். அத்தயக்கம் கூடாதென்று தூர்னோன் ஆணையிட்டார். 1744-இல் பாப்பரசர் பதினான்காம் ஆசீர்வாதப்பரோ அம்மக்களுக்கெனத் தனிக் குருக்களை நியமிக்கும் ஏற்பாட்டுக்கு இசைந்தார். தாலியிலிருந்த உருவம் மாறிற்று, சாதி மட்டும் மாறவில்லை. தமிழகக் கோயில்கள் சிலவற்றில் தனி இடமும் தனிக் கல்லறையும் வெகுகாலம் நீடித்தன. 1982-இல் திருச்சியில் கூடிய இந்திய ஆயர்கள், சாதிக்குக் கிறிஸ்தவத்தில் இடமில்லை என்று அறிவித்தனர்.

அன்பார்ந்த பங்கு மக்களே! பேராசையே சிலைவழிபாடு என்று புனித சின்னப்பர் கொலோசையருக்கு எழுதினார். சாதிப் பெருமைக்கும் அது பொருந்தும். பிரசாதத்தை மரியாதையோடு விலக்கத் தெரிந்த நாம், பெண் கொடுக்கும்போதும் எடுக்கும்போதும் எதன் முன் தலைவணங்குகிறோம்? முதற் கற்பனை நம் இல்லங்களில் எழுப்பும் கேள்வி இதுவே. இதற்கு நேர்மையாக விடை சொல்வோமானால், நாம் எடுக்கும் ஜூபிலி விழா பொருளுள்ளதாகும்.