பக்கத்திற்கு வைத்த தேர்வு

தோட்டப்புறத்தில் பிறந்து வளர்ந்தவர்க்கு வழிகாட்டிப் பலகை தேவைப்பட்டதில்லை. பெரட்டுக் களம், ஆபீசு, பால் கொட்டகை, ஆயாக் கொட்டகை, கோயில், பள்ளிக்கூடம் என அன்றாடம் நடந்து பழகிய இடங்களே திசையை உணர்த்தின. நெகிரி செம்பிலானில் லிங்கி, ரந்தாவ், பகாவ் வட்டாரங்களிலும் ஏனைய இடங்களிலும், கம்பெனி ஏட்டில் ஒரு பெயரும் மக்கள் நாவில் வேறொரு பெயருமாக வழங்கிய தோட்டங்கள் உண்டு. சிரம்பானில் பேருந்து ஏறி, ஏட்டிலுள்ள பெயரைச் சொல்லி வழி கேட்பவர் திகைத்து நிற்க நேரும். என்றோ மறைந்த கங்காணியின் பெயரைச் சொன்னாலோ சிறு பிள்ளையும் கைகாட்டிவிடும்.

பெயரிடுபவர் ஒருவர், அப்பெயரைப் பற்றிக்கொண்டு வழி தேடுபவர் மற்றொருவர். இவ்விருவர்க்கும் இடையேயுள்ள தொலைவை அளந்தறியும் கலையொன்று இன்று வளர்ந்துள்ளது. இணையத்தளம் ஒன்றை அமைத்தபின், அதனுள் நுழைவோர் தாம் நாடியதைக் கண்டடைகின்றனரா என்று சோதித்துப் பார்ப்பதே அது. கணிப்பொறியாளர்க்கே உரிய துறை என்று நாம் ஒதுங்கி நிற்கிறோம். ஆயின், இதன் வேர் நம் அகராதி வரலாற்றிலேயே இருக்கிறது என்பேன்.

திவாகர நிகண்டை எண்ணிப் பாருங்கள். தெய்வப் பெயர், மக்கட் பெயர், விலங்கின் பெயர், மரப் பெயர், இடப் பெயர் எனப் பொருள்வகையால் பன்னிரு தொகுதிகளாகச் சொற்கள் அடுக்கப்பட்டுள்ளன. அடுக்கியவர் பேரறிஞர், அடுக்கிலும் குறையில்லை. நூல் முழுவதையும் நெட்டுருச் செய்த மாணாக்கனுக்கு வேண்டிய சொல் நொடியில் கைவரும். நெட்டுருச் செய்யாதவன் எங்கே தேடுவான்? ஒரு சொல்லின் பொருள் தெரியாமையால்தானே நூலைத் திறக்கிறான்! அச்சொல் எத்தொகுதியைச் சார்ந்தது என்று அறிய முதலில் அதன் பொருள் தெரிந்திருக்க வேண்டும். 1594-ஆம் ஆண்டில் சிதம்பர ரேவண சித்தர் சொற்களை முதலெழுத்து வரிசையில் நிறுத்தி அகராதி நிகண்டு இயற்றினார். 1732-இல் வீரமாமுனிவர் பெயர், பொருள், தொகை, தொடை என்னும் நாற்கூறுகளையுடைய சதுரகராதியை ஆக்கினார். பிறமொழியாளராய் வந்து தமிழ் கற்ற அவர், தேடித் தவிப்பவனின் இடர்ப்பாட்டைத் தாமே பட்டறிந்தவர். நெட்டுருச் செய்தவன் பக்கம் நின்ற நூலைத் தேடுகிறவன் பக்கம் திருப்பி வைத்த பெருஞ்செயல் இது.

தேடுகிறவனை எதிரே அமர்த்திச் சோதித்துப் பார்க்கும் முறை பின்னர் வந்தது. இன்று நாம் தொலைபேசியில் காணும் எண் பொத்தான்களின் வரிசையே அதற்குச் சான்று. அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில், ஜான் கார்லின் என்னும் உளவியலறிஞரின் துறையினர் 1950-களில் பொத்தான்களைப் பலவாறு அடுக்கி, மக்களை அழுத்தச் சொல்லி, வேகத்தையும் பிழையையும் விருப்பத்தையும் குறித்துக்கொண்டனர். ஒன்று, இரண்டு, மூன்று மேல்வரிசையில் அமைந்த வடிவம் 1963-இல் மக்கள் கைக்கு வந்தது. கணக்கிடும் பொறியிலோ ஏழு, எட்டு, ஒன்பது மேலே நிற்கக் காண்கிறோம்! 1982-இல் ஐபிஎம் நிறுவனத்தைச் சேர்ந்த கிளேட்டன் லூயிஸ், பொறியைக் கையாளுபவர் தம் மனத்தில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்யும் முறையை எழுதி வைத்தார். இணையம் பரவிய பின் ஜேக்கப் நீல்சன் 2000-ஆம் ஆண்டில், ஐவரைக் கொண்டு சோதித்தாலே ஒரு தளத்தின் குறைகளுள் ஏறத்தாழ 85 விழுக்காடு வெளிப்பட்டுவிடும் என்று எழுதினார். இக்கணக்கை மறுப்பவரும் உளர். ஆயினும், ஐவரைத் திரட்டச் சிறு பள்ளியாலும் இயலும் என்பதே எனக்குப் பெரிதாகப் பட்டது.

தமிழை இணையத்தில் ஏற்றிய முன்னோடிகளுள் ஒருவரான சிங்கப்பூர் நா. கோவிந்தசாமி ஓர் ஆசிரியர் என்பதை ஈண்டு நினைவுகூர்தல் தகும். 1995-இல் தமிழ் எழுத்து இணையப் பக்கத்தில் தோன்றியது. 1999-இல் சென்னையில் கூடிய மாநாட்டின் பயனாகத் தமிழ் 99 விசைப்பலகை உருப்பெற்றது. 2001-இல் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரிலேயே நடந்தது. எழுத்து திரையில் தெரிய வேண்டுமே என்று ஒரு தலைமுறை பாடுபட்டது. தெரிந்த எழுத்தைக் கொண்டு தோட்டத்து மக்கள் வழி காண்கின்றனரா என்னும் வினா எங்கள் பள்ளிக்கு 2020-இல்தான் எழுந்தது.

அவ்வாண்டு மார்ச் 18-ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. பள்ளி பூட்டப்பட்டது. இளம் ஆசிரியர் இருவரும் நானும் முனைந்து பள்ளிக்கென ஓர் இணையப் பக்கம் அமைத்தோம். நல்ல தமிழ்ச் சொற்களைத் தேர்ந்து தலைப்பிட்டது அடியேன். கற்றல் வளம், பதிவிறக்கம், முகப்பு என அவை அழகாகவே விளங்கின. பயிற்சிகளை ஏற்றிவிட்டுக் காத்திருந்தோம். திரும்பி வந்த விடைகள் மிகச் சில. பெற்றோர்க்கு அக்கறையில்லை என்று அன்று நான் சொன்னேன். அச்சொல்லை இன்று எண்ணினும் நாணம் மேலிடுகிறது.

பள்ளி மீண்டும் திறந்த பின், ஐவரைத் தனித்தனியே நூலகத்துக்கு அழைத்து, கைப்பேசியைக் கொடுத்து, "மூன்றாம் ஆண்டுக் கணிதப் பயிற்சியை எடுத்துக் காட்டுங்கள்" என்று மட்டும் சொன்னோம். பின்னர் வாய் திறத்தல் கூடாது. விரல் நீட்டலும் கூடாது. பயிற்சிக் கல்லூரியிலிருந்து இன்றுவரை, மாணவன் தடுமாறினால் குறிப்பளித்து இட்டுச்செல்லவே பழகியவன் நான். கையைச் சட்டைப்பையில் புதைத்துக்கொண்டு அரைமணி நேரம் வாளாவிருந்தது, என் பணிக்காலத்தில் நான் கற்ற கடினமான பாடம்.

நீலாயில் தொழிற்சாலைப் பணி செய்யும் தந்தையொருவர் 'பதிவிறக்கம்' என்பதை அழுத்தவேயில்லை. ஏன் என்று முடிவில் வினவினேன். "என் மகனைத்தான் பள்ளியில் பதிந்தாயிற்றே ஐயா" என்றார். பதிவு என்றால் முதலாம் ஆண்டுக்குப் பிள்ளையின் பெயர் பதிவது. அவர் கொண்ட பொருளில் தவறென்ன? திரையின் மூலையிலிருந்த மூன்று கோடுகளை ஐவருள் ஒருவரும் தொடவில்லை. அதை ஓர் அணிகோலம் என்றே கருதினர்.

முப்பதாண்டு பால்மரம் வெட்டிய பாட்டியொருவர் பேத்திக்காக வந்திருந்தார். 'கற்றல் வளம்' என்பதை எழுத்துக்கூட்டிப் படித்தார். மேலும் கீழும் திரையைத் தள்ளினார். "எனக்குப் படிப்பு பத்தலைங்க ஐயா" என்று கைப்பேசியை மேசைமேல் வைத்துவிட்டார். ஓர் ஆசிரியனாக எத்தனையோ பேருக்குத் தேர்வு வைத்திருக்கிறேன். தோற்றவர் எதிரே இருப்பவர் என்பதே வழக்கம். அன்று தோற்றது நான் எழுதிய பக்கம். தலைகுனிந்தவரோ அந்தப் பாட்டி. தேர்வு பக்கத்திற்கே, உங்களுக்கன்று என்று தொடங்குமுன் சொல்லியிருக்க வேண்டும். அத்துறையார் முதலில் சொல்வதும் அதுவே. அதை நான் விட்டுவிட்டேன்.

அடுத்த வாரம் பயிற்சிகளின் பெயர்களை அட்டைத் துண்டுகளில் எழுதி, அதே ஐவரிடம் கொடுத்து, சேர வேண்டியவற்றைச் சேர்த்து வைக்குமாறு கேட்டோம். நாங்கள் காணொளி, பயிற்சித்தாள், மேற்கோள் நூல் எனப் பொருள்வகையால் பிரித்திருந்தோம். திவாகரர் வழியென்றே சொல்லலாம். அவர்களுள் நால்வர் பிள்ளையின் வகுப்பை முதலில் வைத்தனர். பாட்டி ஆசிரியரின் பெயரால் பிரித்தார். "கணக்கு டீச்சர் கொடுத்தது", "தமிழ் சார் கொடுத்தது" என்று இரண்டு குவியல்.

பக்கத்தைக் கலைத்து மீண்டும் கட்டினோம். முதலில் வகுப்பு, அதனுள் பாடமும் ஆசிரியர் பெயரும். மூன்று கோடுகளை நீக்கினோம். 'பதிவிறக்கம்' போய் 'பயிற்சியை எடுக்க' என்று வந்தது. இளம் ஆசிரியருள் ஒருவருக்கு இச்சொல்லில் இன்றும் உடன்பாடில்லை. இரண்டாம் முறை நால்வர் பயிற்சியை எடுத்துக் காட்டினர். பாட்டியும் எடுத்தார், ஆயின், அங்கிருந்து திரும்பத் தெரியவில்லை. மேலே சிறு வீடு போல ஒரு படம் வரைந்திருந்தோம். அதைச் சுட்டி, "இது யாரு வீடுங்க ஐயா?" என்று கேட்டார். அப்படத்தின் கீழே 'முதல் பக்கம்' என்று அன்று மாலையே எழுதினோம்.